உடும்புப் பிடி

என்னுடைய சிறுகதை ஒன்றில் கஞ்சிரா வாசிக்கிறவர் ஒருவர் வருகிறார். கதையில் அவருக்கு அதிக வேலை இல்லை. ஒரு கல்யாணக் கச்சேரியில் உட்கார்ந்து வாசிக்கிறார். பெண்ணின் தகப்பனாரோடு இரண்டு வார்த்தை பேசுகிறார். இரவு ரயிலுக்குப் போய்விடுகிறார். அவருடைய கஞ்சிராவில் வெள்ளாட்டுத் தோல் போட்டிருந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கதையைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்கள்தான் அதிகம்.

"கஞ்சிராவில் ஆட்டுத் தோலா? ஆசிரியருக்கும் சங்கீதத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொண்டேன்" என்று எழுதினார் ஒருவர். "உடும்புத் தோல் இல்லாத கஞ்சிரா நரம்பில்லாத வீணை" என்று எழுதினார் இன்னொருவர். வீணையில் நரம்பு போய்க் கம்பி வந்து வெகுகாலம் ஆகிறது என்பதை அந்த அன்பர் மறந்துவிட்டார். மூன்றாவது கடிதம் ஒரு சபாவின் காரியதரிசி எழுதியது. மிகவும் மரியாதையான கடிதம். எழுத்தாளர்கள் தங்களுக்குத் தெரியாத விஷயங்களில் கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம் என்றும், நாதம் என்பது சமரசத்துக்கு உட்பட்டதல்ல என்றும் அதில் எழுதியிருந்தார்.

நான் வித்வான் இல்லை. கச்சேரி கேட்கிறவன்; வாத்தியப் பட்டறைகளின் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிற பழக்கமும் உண்டு. நாதத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல இது போதுமா, போதாதா என்பதைப் பிறகு பார்ப்போம். அந்த மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து என்னுடைய பதில் இதுதான்: உடும்புத் தோல்தான் கஞ்சிரா என்று சொல்லுகிறவர்கள் கஞ்சிராவைப் பார்த்திருக்கிறார்கள்; கவனித்ததில்லை.

கஞ்சிராவில் என்ன இருக்கிறது? முதலில் கட்டை. பலா மரத்தைக் கடைந்து எடுத்த ஒரு வளையம். குறுக்களவு 7 அங்குலத்திலிருந்து 9 அங்குலம் வரை இருக்கும். ஆழம் 2 அங்குலத்திலிருந்து 4 அங்குலம். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் வீணைக்கும் எந்த மரமோ அதே மரம்தான். ஆனால் மற்ற வாத்தியங்களில் மரத்துக்கு ஒரு வயிறு உண்டு. கஞ்சிராவுக்கு வயிறு கிடையாது. ஒரு பக்கம் தோல், மறுபக்கம் திறந்த வெளி. சமையலறையில் மாவு சலிக்கிற சல்லடையைத் தூக்கிப் பிடித்தாற்போல் இருக்கும். இவ்வளவு ஏழையான உடம்பிலிருந்து கடம் மாதிரியும் மிருதங்கத்தின் தொப்பி மாதிரியும் ஒலி வருகிறதே, அதுதான் ஆச்சரியம்.

இரண்டாவது, காசு. கட்டையின் பக்கத்தில் நீளவாட்டில் ஒரு பிளவு வெட்டியிருப்பார்கள். அதன் நடுவே ஒரு கம்பி. கம்பியில் கோத்த சில உலோகத் தகடுகள்; பழைய நாணயங்களாகவும் இருக்கும். மேல்நாட்டுத் தம்பூரின் என்ற வாத்தியத்தில் வளையம் முழுவதும் இப்படித் தகடுகள் குலுங்கும். நம்முடைய கஞ்சிராவில் ஒரே ஓர் இடத்தில்தான். பேச்சுக்கு நடுவே யாரோ கைவளையைச் சரிசெய்துகொண்டது போல ஒரு சின்ன சலசலப்பு. அதற்கு மேல் அதற்கு உரிமை இல்லை.

மூன்றாவது, தோல். மிருதங்கத்தில் இருப்பது போல வார் கிடையாது. இழுத்துக் கட்டவும் தளர்த்தவும் வழி இல்லை. கட்டையின் விளிம்பில் தோலை இழுத்து ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். நடுவே சோறும் கிடையாது. அதனால் கஞ்சிராவை ஒரு சுருதிக்குச் சேர்த்துக்கொண்டு வாசிப்பது என்பது வழக்கத்தில் இல்லை.

காய்ந்த கஞ்சிராவை எடுத்துத் தட்டிப் பாருங்கள். தகரம் மாதிரி உச்சத்தில் கத்தும். அதை கச்சேரி வாத்தியமாக ஆக்குவது நாலாவது பொருள். அதைக் கடையில் வாங்க முடியாது. அது தண்ணீர். வித்வான் கச்சேரிக்கு முன்னால் தோலின் உட்புறத்தில் நாலு துளி தெளித்து விரலால் தடவிவிடுகிறார். தோல் இளகுகிறது, கனக்கிறது, குரல் இறங்குகிறது. தண்ணீர் அதிகமானால் தொளதொளத்துவிடும். குறைந்தால் பத்து நிமிஷத்தில் பழையபடி கத்த ஆரம்பிக்கும். மேடை விளக்கின் சூடு, குளிர்பதனம் செய்த அரங்கத்தின் வறட்சி, மார்கழிப் பனி எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத் தெளிக்க வேண்டும். ராகம் பாடிக்கொண்டிருக்கும்போது கஞ்சிராக்காரர் ஒரு சின்னப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏதோ செய்வதைப் பார்த்திருப்பீர்கள். வாத்தியத்தை அப்போதுதான் அவர் செய்து முடிக்கிறார்.

ஐந்தாவதாகக் கை. கஞ்சிராவை இடது கை கீழிருந்து தாங்குகிறது. தாங்குவதோடு நின்றால் அது சுமைகூலி. அந்தக் கையின் விரல் நுனிகள் விளிம்போரம் தோலை அழுத்தி, அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, ஒலியை வளைக்கின்றன. கும்கி என்று சொல்லுகிறார்களே, அது அங்கே பிறக்கிறது. மிருதங்கத்தில் இரண்டு கைகள் பங்கிட்டுக்கொள்கிற வேலையை இதில் வலது கை ஒன்றே செய்கிறது. சொற்கட்டு முழுவதும் ஐந்து விரல்களுக்கும் ஓர் உள்ளங்கைக்கும் அடங்க வேண்டும். 1958-இல் பிறந்து 2002-இல் மறைந்த ஜி. ஹரிசங்கரின் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு அந்த ஒரு கையின் விஸ்தாரம் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டை, காசு, தோல், தண்ணீர், கை. இந்த ஐந்தில் நம்முடைய ரசிகர்கள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, அதுவே கஞ்சிரா என்கிறார்கள். பலாக் கட்டைக்கு எந்த ஊர் மரம் உத்தமம் என்று எனக்கு ஒருவரும் கடிதம் எழுதவில்லை. காசு செம்பா, பித்தளையா என்று ஒருவருக்கும் கவலை இல்லை. கையைப் பற்றி ஒரு வரி எழுதியவர்கூட இல்லை. மூன்று பேரும் தோலிலேயே நின்றுவிட்டார்கள்.

இனி, உடும்பின் கட்சியைப் பார்ப்போம். எதிர்க்கட்சிக்காரர் சொல்லுவதில் உள்ள நியாயத்தை மறைத்துவிட்டு வாதாடுவது எனக்குப் பிடிக்காது. உடும்புத் தோல் நல்ல தோல். மெல்லியது, ஆனால் உறுதியானது. தண்ணீரைச் சட்டென்று ஏற்றுக்கொள்கிறது. விரல் அழுத்தத்துக்கு வளைந்துகொடுத்து உடனே நிமிருகிறது. சின்ன வாத்தியத்தில் பெரிய கீழ்க்குரல் கொண்டுவர அது தோதானது. பழைய வித்வான்கள் அதைத் தேர்ந்தெடுத்தது மூடநம்பிக்கையால் அல்ல, காது இருந்ததால். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் ஒரு பொருள் நன்றாக இருக்கிறது என்பதும், அதை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. நன்றாக இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்றால் உலகத்தில் பூட்டு எதற்கு?

உடும்பு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் அதே அட்டவணையில்தான் இருக்கின்றன. அதைக் கொல்லுவதும் விற்பதும் குற்றம். அதன் தோலால் செய்த பொருளைத் தக்க சான்று இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம். தண்டனை 3 வருஷத்துக்குக் குறையாத சிறை. 7 வருஷம் வரை போகலாம். 1975-இல் நடைமுறைக்கு வந்த வனவுயிர் வியாபாரம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1976-இல் சேர்ந்தது. அதன் முதல் பின்னிணைப்பிலும் நம்முடைய உடும்பு உண்டு. அதாவது, நாடு விட்டு நாடு அதன் தோலைக் கொண்டுபோய் வியாபாரம் செய்யக் கூடாது என்று உலகமே கையெழுத்துப் போட்டிருக்கிறது.

சட்டம் இருக்கட்டும். சட்டத்துக்குப் பயந்து மட்டும் நல்லவனாக இருப்பவனைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. அந்தப் பிராணியைப் பார்ப்போம். புதர், கரையான் புற்று, வரப்போரப் பொந்து இவைதான் அதன் ஊர். பூச்சி, நண்டு, எலி, முட்டை, செத்துக் கிடப்பது எல்லாவற்றையும் தின்று வயற்காட்டைச் சுத்தம் செய்கிறது. விஷம் உண்டென்று ஜனங்கள் பயப்படுகிறார்கள். இறைச்சிக்கு மருந்துக் குணம் உண்டென்று ஜனங்கள் நம்புகிறார்கள். பயந்தவனும் அடிக்கிறான், நம்பினவனும் அடிக்கிறான். இந்த இரண்டு அடிக்கும் நடுவில் அது பிழைத்திருப்பதே பெரிது. மூன்றாவதாக நாதப் பிரம்மமும் தடியெடுத்துக்கொண்டு வர வேண்டுமா?

இதற்கு என் நண்பர் ஒருவர் சொன்னார்: "வருஷத்துக்கு எத்தனை கஞ்சிரா செய்யப்போகிறார்கள்? இறைச்சிக்காகச் சாகிற உடும்பு ஆயிரம் என்றால் கஞ்சிராவுக்காகச் சாகிறது ஒன்று இருக்குமா? காட்டை அழித்து மனை போட்டு விற்கிறவனை விட்டுவிட்டு, பாவம், கஞ்சிராக்காரனைப் பிடிக்கிறாயே!"

நியாயமான கேள்வி. மனை போடுகிறவனைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், எழுதுவேன். ஆனால் இறைச்சி தின்கிறவனும் மனை விற்கிறவனும் தாங்கள் செய்வதைத் தெய்விகம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வயிறு என்கிறான் ஒருவன்; பணம் என்கிறான் மற்றவன். நம்முடைய ஆட்கள்தான் நாதம், சம்பிரதாயம், உபாசனை என்றெல்லாம் சொல்லுகிறார்கள். தங்களுக்கு உயர்ந்த ஆசனம் கேட்கிறவர்களிடம் உயர்ந்த கணக்குக் கேட்பதில் தவறென்ன?

இன்னொரு வாதமும் உண்டு. மிருதங்கத்தில் மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இருக்கின்றனவே, அதற்கு அழாத கண் உடும்புக்கு மட்டும் ஏன் அழுகிறது என்கிறார்கள். நான் அழவில்லை, கணக்குப் பார்க்கிறேன். ஆடும் மாடும் மனிதன் வளர்த்துப் பெருக்குகிற ஜீவன்கள். இறைச்சிக்கு அறுத்த ஆட்டின் தோல் எப்படியும் மிஞ்சுகிறது. உடும்பை யாரும் வளர்க்கவில்லை. ஒன்று போனால் காட்டில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான். ஜீவகாருண்யத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் மிருதங்கத்தைப் பற்றியும் தாராளமாகக் கேள்வி கேட்கட்டும். ஆனால் அந்தக் கேள்வியை உடும்புத் தோலுக்குக் கேடயமாகப் பிடிப்பவர்கள் ஆட்டுக்காகவும் பேசவில்லை, மாட்டுக்காகவும் பேசவில்லை.

இந்த விஷயத்தில் என்னை அதிகம் உறுத்துவது உடும்புகூட அல்ல. தோல் எந்த வழியாக வருகிறது என்பதுதான். காட்டோரத்தில் எவனோ ஒரு ஏழை பிடிக்கிறான். இன்னொருவன் உரித்து உலர்த்துகிறான். கைமாறிக் கைமாறிப் பட்டறைக்கு வருகிறது. அங்கிருந்து பட்டுப் பையில் ஏறி மேடைக்கு வருகிறது. வனக் காவலர் பிடித்தால் பிடிபடுகிறவன் யார்? காட்டோரத்து ஏழை. அடுத்தபடி, பட்டறைக்காரர். ஜரிகை அங்கவஸ்திரத்துக்கு முன்னால் எந்தக் காவலரும் வந்து நின்று, "ஐயா, இது என்ன தோல்?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நாதத்தின் சுகம் மேலே. சிறையின் பயம் கீழே. தோல் வாத்தியங்களின் சரித்திரம் முழுக்க இந்தக் கதைதான். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா ஒரு புத்தகம் எழுதி அது 2020-இல் வெளிவந்தபோதுதான், வாசித்தவர்களின் பெயர் தெரிந்த பலருக்குச் செய்தவர்களுக்கும் பெயர் உண்டு என்று தெரிந்தது.

நான் வழக்கமாக நின்று வேடிக்கை பார்க்கிற ஒரு பட்டறையில் இதைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பெரியவர் மிருதங்கத்துக்கு வார் பிடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "ஆட்டுக்குட்டித் தோல்லதாங்க போட்டுத் தரேன். நல்லாத்தான் பேசுது. வர்றவங்க கையில வாங்கித் தட்டிக்கூடப் பார்க்கிறதில்லே. முகர்ந்து பார்க்கிறாங்க, தடவிப் பார்க்கிறாங்க, 'அது இல்லியா?'ன்னு கேக்கறாங்க. 'அது' இல்லீங்கன்னா, எழுந்து போயிடறாங்க."

'அது' என்ற சொல்லைக் கவனியுங்கள். உடும்பு என்று வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள். பெயர் சொல்லக் கூசுகிற பொருளை மேடையில் வைத்து எப்படி வணங்குகிறார்களோ, எனக்குத் தெரியவில்லை. தட்டிப் பார்க்காமல் தடவிப் பார்த்து முடிவு சொல்லுகிறவர்கள் நாதத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

சம்பிரதாயம் என்ற சொல்லையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைதான் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து கௌரவம் தேடித் தந்தவர் என்பது சங்கீத உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். அதற்கு முன் அது பஜனைக் கோஷ்டியில் குலுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் ஒரு காரியதரிசி இருந்து, "கஞ்சிரா பஜனைக்கு உரியது, சம்பிரதாயம் சமரசத்துக்கு உட்பட்டதல்ல" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கஞ்சிரா உண்டா? பழனி சுப்பிரமணிய பிள்ளையின் கஞ்சிரா உண்டா? மாற்றியவர்களின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, மாற்றக் கூடாது என்று அவர்கள் பெயராலேயே சொல்லுவது வேடிக்கை. அவர்கள் உடும்புத் தோலில்தானே வாசித்தார்கள் என்றால், ஆமாம். பழனி சுப்பிரமணிய பிள்ளை காலமானது 1962-இல். சட்டம் வந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. அன்று கையில் கிடைத்ததில் உத்தமமானதை எடுத்தார்கள். இன்று கையில் கிடைப்பதில் உத்தமமானதைத் தேடுவதுதான் அவர்கள் வழியில் நடப்பது.

கர்நாடக சங்கீதம் மாற்றத்துக்குப் பயந்த சங்கீதமும் அல்ல. ஐரோப்பியர்களின் பிடிலை வாங்கி, பிடிக்கிற முறையை மாற்றி, நம்முடையதாக்கிக்கொண்டோம். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனை ஊதினார், யு. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினை மீட்டினார்; கேட்டுத் தலையாட்டினோம். தம்பூரா நாலு தந்திகளோடு மூலையில் சாய்ந்திருக்க, பக்கத்தில் ஒரு பெட்டி மின்சாரத்தில் சுருதி போடுகிறது. அதற்கு ஆட்சேபணை இல்லை. முக்கியமாக, ஒலிபெருக்கி. கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, உடும்புத் தோல் பேசுகிறது" என்கிறோமே, அங்கே நம் காதில் பேசுவது உடும்பு அல்ல. ஒலிபெருக்கிக்குள் இருக்கும் கூம்பு. பெரும்பாலும் காகிதக் கூம்பு. இவ்வளவு தூரம் சமரசம் செய்துகொண்ட பிறகு, சமரசம் கிடையாது என்று மார் தட்டுவதற்கு ஓர் ஊமைப் பிராணிதானா அகப்பட்டது?

வேறு இடங்களில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கோவாவில் குமட் என்று ஒரு மண்தாளம் உண்டு. இரண்டு பக்கமும் வாய் உள்ள பானை. பெரிய வாயில் உடும்புத் தோல் கட்டுவார்கள். விநாயக சதுர்த்தி ஆரத்தியிலும் கிறிஸ்தவர்களின் மாண்டோ பாட்டிலும் அது இல்லாமல் நடக்காது. நம் கஞ்சிராவைப் போலவே அதுவும் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. கோவாக்காரர்கள் ஆட்டுத் தோலுக்கு மாறினார்கள். 2019-இல் அந்த மாநில அரசாங்கம் குமட்டைத் தங்கள் பாரம்பரிய வாத்தியமாக அறிவித்தது. உடும்பு போய்விட்டதே, இனிக் குமட் இல்லை என்று அவர்கள் துக்கம் கொண்டாடவில்லை. எகிப்திலும் மற்ற அரபு நாடுகளிலும் கஞ்சிராவின் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி ரிக் என்ற வாத்தியம் இருக்கிறது. மீன் தோல் போட்டு வாசித்துவந்தார்கள். இப்போது செயற்கைத் தோலிலும் வாசிக்கிறார்கள். அமெரிக்காவில் 1957-லேயே ரெமோ பெல்லி என்ற தாளக்காரர் பாலியெஸ்டர் படலத்தில் தோல் செய்து விற்க ஆரம்பித்தார். கன்றுத் தோல் மழைக்காலத்தில் தொய்ந்துபோகிறது என்பதுதான் அவர்களுடைய கஷ்டம். நம்முடைய கஷ்டமும் அதுதானே?

செயற்கைத் தோல் போட்ட கஞ்சிரா நம் நாட்டிலும் வந்துவிட்டது. ஆட்டுத் தோலிலும் வாசிக்கிறார்கள். வாசித்துக் கைதட்டலும் வாங்குகிறார்கள். ஆனால் அதை வெளியில் சொல்லக் கூசுகிறார்கள். தோலைப் பற்றிக் கேட்டால், "சாதகத்துக்கு மட்டும்" என்கிறார்கள். மேடையில் நன்றாக இருந்ததைக் காது கேட்டுவிட்டது; வாய்தான் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. இந்தக் கூச்சத்தை உண்டாக்கியவர்கள் ரசிகர்களாகிய நாம்தான்.

ஆட்டுத் தோல் கொஞ்சம் தடிப்பு, கும்கி அவ்வளவு வளையவில்லை என்றால், அது ஒரு வேலை, சாபம் அல்ல. எந்த வயதுக் குட்டியின் தோல், எவ்வளவு சீவ வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும், எத்தனை துளி தண்ணீர் என்று உட்கார்ந்து பார்க்கவேண்டிய வேலை. சர் சி. வி. ராமன் 1920-லும் 1934-லும் நம் தோல் வாத்தியங்களை ஆராய்ந்து எழுதினார். தோலின் நடுவே ஏற்றிய கனம் எப்படி மிருதங்கத்துக்கு இனிய சுரங்களைத் தருகிறது என்று காட்டினார். நம் முன்னோர்கள் காதால் கண்டுபிடித்ததை அவர் கணக்கால் விளக்கினார். காதும் கணக்கும் சேர்ந்தால் ஒரு 8 அங்குலத் தோலுக்கு வழி பிறக்காதா? சங்கீதக் கல்லூரிகள் இருக்கின்றன, தோல் பதனிடும் ஆராய்ச்சிக்கென்றே சென்னையில் மத்திய நிலையம் ஒன்று இருக்கிறது, பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த மூவரையும் ஒரே அறையில் உட்காரவைக்க ஒருவரும் முன்வரவில்லை. "உடும்புத் தோலுக்கு ஈடு இல்லை" என்ற மந்திரத்தைச் சொல்லிவிட்டால் வேலை செய்யாமல் தப்பித்துவிடலாம். அந்த மந்திரத்தின் பெரிய உபயோகம் அதுதான்.

காரியதரிசிகளிடம் எனக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கஞ்சிராவின் நாதத்தைக் காப்பாற்ற இவ்வளவு துடிக்கிறீர்களே, கஞ்சிராக்காரரைக் காப்பாற்ற என்ன செய்தீர்கள்? செலவைக் குறைக்க வேண்டும் என்றால் பல சபாக்களில் முதலில் வெட்டு விழுவது உபபக்கவாத்தியத்துக்குத்தான். "வயலின், மிருதங்கம் போதுமே." இருந்தாலும் அவருக்குப் பின்வரிசை, சன்மானத்தில் கடைசி, தனி ஆவர்த்தனம் என்று ஒன்று வந்தால் அதில் மிருதங்கம் போக மிஞ்சிய நிமிஷங்கள். அதற்குள் ரசிகர்கள் காப்பி குடிக்க எழுந்துவிடுகிறார்கள். தோலுக்காக இவ்வளவு வாதாடுகிறவர்கள் அந்தத் தோலுக்குப் பின்னால் இருக்கிற மனிதருக்காக ஒரு கடிதம் எழுதியதுண்டா? கஞ்சிரா அழிந்துபோகுமானால் உடும்புத் தோல் கிடைக்காததால் அழியாது. வாசிக்கக் கூப்பிட ஆளில்லாததால் அழியும்.

நம்முடைய கிராமங்களில் ஒரு பழமொழி வழங்குகிறது. உடும்பைப் பிடிக்கப் பொந்துக்குள் கை விட்டவன், அது கையைக் கவ்விக்கொண்டதும், "உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்று கதறினானாம். நாமும் அந்த நிலையில்தான் இருக்கிறோம். உடும்புத் தோலைப் பிடித்தோம். இப்போது அது நம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சட்டத்துக்குப் பயம், வெளியில் சொல்லக் கூச்சம், செய்கிறவருக்குச் சிறை அபாயம், வாசிக்கிறவருக்கு மனசுக்குள் ஒரு முள். இத்தனையும் எதற்காக? கஞ்சிராவில் எது போனாலும் போகக் கூடாதது கைதான். அந்தக் கை நம்மிடம் இருக்கிறது.

செய்யவேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஆட்டுத் தோலிலோ செயற்கைத் தோலிலோ வாசிக்கிற வித்வான்கள் அதை மேடையில் தலை நிமிர்ந்து சொல்லட்டும். ஒருவர் சொன்னால் பத்துப் பேருக்குக் கூச்சம் தெளியும். சபாக்கள் தங்கள் ஒப்பந்தத்தில், உடும்புத் தோல் வாத்தியம் மேடைக்கு வேண்டாம் என்று ஒரு வரியும், கஞ்சிராவுக்குக் கட்டாயம் இடம் உண்டு என்று இன்னொரு வரியும் சேர்க்கட்டும். சங்கீதக் கல்லூரிகள் பட்டறைகளுக்குப் போய், வெவ்வேறு தடிப்பில் பத்துக் கஞ்சிரா செய்து தரச் சொல்லிக் கேட்கட்டும். அதில் ஏழு உதவாமல் போகலாம். அந்த ஏழுக்கும் சேர்த்துப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். தோற்றுப்போகிற வாத்தியத்துக்கும் கூலி உண்டு என்று தெரிந்தால்தான் செய்கிறவர் புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பார்.